பின்புலம் நீக்கினால் மட்டும் எழுத்து வளைந்து ஓடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படத்தின் பின்புலத்தை நீக்கி பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துக்கொண்டால், கட்டுரையின் எழுத்து தானாகவே அந்த உருவத்தைச் சுற்றி ஓடிவிடும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பள்ளி மலர் தயாரிக்கும் ஆசிரியர்களும், கோயில் விழா மலர், சங்க மலர் அடிக்கும் சிறு அச்சகத்தாரும் அதை வெட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிறது. அந்தக் குறிப்பு பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் வேலை செய்தால் பக்கம் கெடும்.

கெடுவதைக் காட்டத் தொலைவில் தேட வேண்டியதில்லை. அதே வாரத்து ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் பின்புலம் நீக்கிய யானைப் படம் ஒன்று இருந்தது. அதன் முதுகுப் பக்கம் இரண்டு விரற்கடை வெள்ளை, காரணமே இல்லாமல். முன்பக்கத்தில் தந்தத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ‘ஓர்’ என்ற சொல் மட்டும் புகுந்து தனியாக நிற்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே ‘கொடுத்தார்கள்’ என்ற சொல்லின் கொம்பு மேல் வரியின் கடைசியிலும், மிச்ச எழுத்துகள் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கிடக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக் குழந்தைக்கு அந்த வரி என்னவென்றே விளங்காது. இந்த மூன்று பிழைக்கும் மூன்று வேறு காரணங்கள் உண்டு. மூன்றும் திருத்தக்கூடியவை.

முதலில் பின்புலம் இல்லாத படம் என்றால் என்ன என்பது. பிஎன்ஜி வடிவம் 1996-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு ஆல்பா என்ற நான்காவது எண்ணையும் வைக்கலாம். 0 என்றால் முழுக்க ஒளிபுகும், 255 என்றால் முழுக்க மறைக்கும், நடுவில் உள்ளவை அரைகுறை. யானையைச் சுற்றி ஆல்பா 0 ஆகிவிட்டால் நம் கண்ணுக்கு யானை மட்டும் தெரியும். ஆனால் கோப்பு 1,200 புள்ளி அகலம், 900 புள்ளி உயரம் கொண்ட செவ்வகம்தான். பக்கம் அமைக்கும் மென்பொருள் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வரம்புக் கோடு ஒன்று தனியாக வேண்டும். வயலில் நீர் வரப்பைப் பார்த்து நிற்பதுபோல எழுத்து அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். சில மென்பொருள்கள் ஆல்பாவைப் பார்த்துக் கோட்டைத் தாமே போட முயலும், சில வெளிச்சத்தைப் பார்த்துப் போடும், சில போடவே போடாது.

பின்புலமும் வரம்பும் வேறு வேறு என்பதற்கு ஒரு சான்று போதும். ஜேபெக் கோப்பில் ஒளிபுகும் தன்மையே கிடையாது. ஆனாலும் போட்டோஷாப்பில் பென் கருவியால் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதைப் பாத் என்று பெயர் கொடுத்துச் சேமித்தால், அந்தப் பாத் ஜேபெக் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் அந்தப் பாத்தைக் காட்டிவிட்டால், பின்புலம் அப்படியே இருக்கிற படத்திலும் எழுத்து உருவத்தை ஒட்டி ஓடும். எதிர்ப்பக்கம், அருமையாகப் பின்புலம் நீக்கிய பிஎன்ஜியை வேர்டில் வைத்து, எழுத்தைப் படத்தைச் சுற்றி ஓட்டும் ராப் டெக்ஸ்ட் வசதியில் ஸ்கொயர் என்பதைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்து செவ்வகத்தைச் சுற்றித்தான் போகும்.

யானையின் முதுகுப் பக்கத்து வெள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் படத்திலேயே இருக்கும். ஒன்று, படத்தைச் சுற்றி வெற்று ஒளிபுகு இடம் நிறைய மிஞ்சியிருக்கும். போட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் ட்ரிம் போய் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வெற்றிடம் வெட்டுப்படும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் க்ராப் டு கன்டென்ட் இதே வேலையைச் செய்யும். செவ்வகத்தை மட்டுமே அறிந்த மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு வெட்டே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். இரண்டாவது காரணம் கண்ணில் படாது. பின்புலம் நீக்கும் தானியங்கிக் கருவிகள் ஓரத்தில் ஆல்பா 2, 3, 5 என்ற அளவில் தூசு போலப் புள்ளிகளை விட்டுவைக்கும். வெள்ளைத் திரையில் அவை தெரியாது. வரம்புக் கோடு போடும் கருவிக்கு 0 இல்லாதது எல்லாமே உருவம்தான், ஆகவே அந்தத் தூசையும் சுற்றி வளைத்துவிடும். யானையின் காலடியில் மென்மையான நிழல் சேர்த்திருந்தாலும் இதே கதைதான், நிழல் கரைந்து முடிகிற கடைசிப் புள்ளி வரை கோடு போகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படத்துக்கு அடியில் அடர் சிவப்பு அல்லது கறுப்பில் ஒரு லேயர், அதாவது அடுக்கு, வைத்துப் பார்ப்பது. தூசு மின்மினி போல எட்டிப்பார்க்கும். கிம்பில் லேயர், டிரான்ஸ்பரன்சி, த்ரெஷோல்டு ஆல்பா என்று போனால், ஓர் அளவுக்குக் கீழே உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரேயடியாக நீங்கும். ஆனால் ஓரத்தின் மென்மையும் அதோடு போய்விடும். அதனால் அசல் படத்தில் கைவைக்காமல் ஒரு நகலில் செய்வது நல்லது.

படம் கைக்கு வந்து சேரும் வழியிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பிஎன்ஜி ஜேபெக் ஆகிவிடும், ஒளிபுகும் தன்மை போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். வெளியூர் நிருபர்கள் அனுப்பும் படங்கள் பாதி இங்கேதான் கெடுகின்றன. இன்னொன்று, இணையத்தில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பின்னணியோடு கிடைக்கும் படங்கள். பலவற்றில் அந்தக் கட்டம் படத்திலேயே வரையப்பட்டிருக்கும். பக்கத்தில் வைத்ததும் கட்டம் தெரிந்தால் அது பின்புலம் நீக்கிய படமே கிடையாது.

இனி வேர்ட். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான், குறிப்பும் இதைப் பற்றித்தான் பேசியது. வேர்டில் புதிதாகச் செருகும் படம் வழக்கமாக வரியோடு ஒட்டிய எழுத்தைப் போல, அதாவது இன்லைனாக, வந்து நிற்கும். அந்த நிலையில் என்ன செய்தாலும் எழுத்து சுற்றி ஓடாது. படத்தைத் தொட்டதும் பக்கத்தில் வரும் லேஅவுட் ஆப்ஷன்ஸ் குறியைத் திறந்து டைட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கொயர் என்றால் பெட்டியைச் சுற்றும், டைட் என்றால் வரம்புக் கோட்டைச் சுற்றும். இந்த இடத்தில் வேர்ட் ஒளிபுகும் பகுதியைப் பார்த்துத் தானே ஒரு கோடு போடப் பார்க்கும். சில படங்களில் நன்றாக அமையும், சில படங்களில் வெறும் செவ்வகமாகவே நின்றுவிடும். குறிப்பை நம்பியவர்கள் திகைத்து நிற்பது இங்கேதான்.

தீர்வு கையருகில் இருக்கிறது. பிக்சர் ஃபார்மட் பட்டையில் ராப் டெக்ஸ்ட், அதற்குள் எடிட் ராப் பாயிண்ட்ஸ். படத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடும் அதன்மேல் கறுப்புப் புள்ளிகளும் தோன்றும். புள்ளியைப் பிடித்து இழுக்கலாம். கோட்டின் நடுவே பிடித்து இழுத்தால் அங்கே புதுப் புள்ளி முளைக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு புள்ளியைக் கிளிக் செய்தால் அது நீங்கும். புள்ளியைப் படத்துக்கு வெளியேயும் கொண்டுபோகலாம், எழுத்தைத் தள்ளி நிறுத்த இதுவே வழி. வேர்ட் தன் கோப்புக்குள் இந்தக் கோட்டை, படத்தின் அகலம் 21,600 பங்கு, உயரம் 21,600 பங்கு என்ற கணக்கில் எழுதி வைக்கிறது. அதனால் பிறகு படத்தைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் கோடும் கூடவே வரும், மறுபடி வரைய வேண்டாம். டைட் நிலையில் இடமும் வலமும் மட்டுமே இடைவெளி கொடுக்க முடியும். வழக்கமான அளவு 9 பாயிண்ட், அதாவது 0.32 செ.மீ. மேலும் கீழும் இடம் வேண்டுமானால் புள்ளிகளைத்தான் நகர்த்த வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். படத்துக்கும் பக்க ஓரத்துக்கும் நடுவே சுமார் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இடம் இருந்தால் வேர்ட் அங்கே எழுத்தை ஓட்டாது, வரியை அப்படியே தாண்டிவிடும். ‘டைட் கொடுத்தும் பக்கத்தில் எழுத்து வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

படம் முரண்டு பிடித்தால் ஒரு மாற்றுவழி இருக்கிறது. படத்தை பிஹைண்ட் டெக்ஸ்ட் என்று எழுத்துக்குப் பின்னால் அனுப்பிவிடுங்கள். இன்செர்ட், ஷேப்ஸ், ஃப்ரீஃபார்ம் எடுத்து உருவத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சொடுக்கில் ஒரு வடிவம் வரையுங்கள். அதற்கு நிறமும் வேண்டாம், ஓரக்கோடும் வேண்டாம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத வடிவத்துக்கு டைட் கொடுத்தால் எழுத்து அதைச் சுற்றி ஓடும், அடியில் யானை நிற்கும். இரண்டையும் ஒரே பாராவோடு நங்கூரமிட்டு வையுங்கள், இல்லையேல் மேலே ஒரு வரி கூடினாலும் யானை ஓரிடம், வரம்பு ஓரிடம் என்று பிரிந்துவிடும்.

இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இது வேர்டைவிடத் தெளிவாக இருக்கிறது. வரம்புக் கோட்டுக்கு அங்கே காண்டூர் என்று பெயர். படத்தின் மேல் வலச்சொடுக்கி, ராப் என்பதில் காண்டூரை இயக்கி, எடிட் காண்டூர் திறந்தால் தனிச் சாளரம் வரும். ஆட்டோ காண்டூர் முதல் கோட்டைப் போட்டுக் கொடுக்கும். புள்ளிகளை அங்கேயே திருத்தலாம். ஆப்டிமல் என்ற ராப் முறையை வைத்திருந்தால், ஓரத்துக்கும் படத்துக்கும் இடையே 2 செ.மீ.க்குக் குறைந்த இடத்தில் எழுத்து வராது என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

நாளிதழ், வார இதழ் பக்கங்கள் அமையும் இன்டிசைனுக்கு வருகிறேன். டெக்ஸ்ட் ராப் பலகத்தில் மூன்றாவது குறி, ராப் அரவுண்ட் ஆப்ஜெக்ட் ஷேப். அதன் கீழே காண்டூர் ஆப்ஷன்ஸில் டிடெக்ட் எட்ஜஸ், ஆல்பா சேனல், போட்டோஷாப் பாத், சேம் ஆஸ் கிளிப்பிங் என்று வழிகள் இருக்கின்றன. அவசரத்தில் எல்லோரும் தொடுவது டிடெக்ட் எட்ஜஸ். அது வெளிறிய பகுதியைப் பின்புலம் என்று எண்ணுகிற முறை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் ஒருவர் படத்தில் அதைப் பயன்படுத்தினால் வேட்டியையும் சேர்த்துத் தின்றுவிடும், எழுத்து அவர் முழங்கால்மேல் ஏறும். அத்தகைய படத்துக்கு பென் கருவியால் வரைந்த பாத் தவிர வேறு நம்பிக்கையான வழி இல்லை.

இன்க்ளூட் இன்சைட் எட்ஜஸ் என்று ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கிறது. அதில் டிக் விழுந்திருந்தால், உருவத்துக்கு உள்ளே உள்ள ஓட்டைகளிலும் எழுத்து புகும். தும்பிக்கை வளைந்து வாயைத் தொடும் இடம், இடுப்பில் கைவைத்தவரின் முழங்கை வளைவு, மிதிவண்டிச் சக்கரம், எல்லாமே ஓட்டைதான். தங்கள் பக்கத்து ‘ஓர்’ போய்ச் சிக்கியது இப்படியோ, அல்லது தந்தத்துக்குக் கீழே திறந்திருந்த சந்து வழியாகவோ இருக்கும். டிக்கை எடுப்பது முதல் வேலை. சந்து திறந்திருந்தால் டைரக்ட் செலக்ஷன் கருவியால் கோட்டைத் தொட்டு, தந்த நுனியிலிருந்து கால் நகம் வரை நடுவில் உள்ள புள்ளிகளை எல்லாம் அழித்து ஒரே நேர்கோடாக இழுத்துவிட வேண்டும். இப்படித் திருத்தியதும் பலகத்தில் யூசர் மாடிஃபைடு பாத் என்று பெயர் மாறும். அது பிழையில்லை.

படக்குறிப்பு காணாமல் போவதும் இதோடு சேர்ந்த தொல்லை. படத்தின்மேல் வைத்த குறிப்புப் பெட்டியையும் ராப் தள்ளுவதால், எழுத்துக்கு இடமில்லாமல் பெட்டி வெறுமையாகி ஓரத்தில் சிவப்புக் கூட்டல் குறி வரும். அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-பி (ஆங்கில B) அழுத்தி இக்னோர் டெக்ஸ்ட் ராப் என்பதில் டிக் வைத்தால் குறிப்பு திரும்பிவிடும். இரவுப் பதிப்பு அவசரத்தில் இது தெரியாமல் குறிப்பையே விட்டுவிட்டு அச்சுக்குப் போன பக்கங்களைப் பல இதழ்களில் பார்க்கலாம்.

அச்சுக்குப் போகும் பக்கத்தில் பிஎன்ஜியே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் நான்கு வண்ண சிஎம்ஒய்கே முறை இல்லை. லேயரோடு கூடிய போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில் வண்ணமும் அச்சுக்கு ஏற்றபடி இருக்கும், ஒளிபுகும் ஓரமும் இருக்கும், பாத்தும் இருக்கும். ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூஸ் இமேஜ் க்ளிப் பாத் என்பது கோப்புக்குள் பாத் இருந்தால்தான் வேலை செய்யும், இல்லாவிட்டால் யூஸ் காண்டூர் லைன் வைத்துக் கையால் திருத்த வேண்டும். படச் சட்டம் எழுத்துச் சட்டத்துக்கு மேலடுக்கில் இருப்பதும் அவசியம். இன்னும் பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரிலேயே இருக்கும் அச்சகங்கள் நம்மிடையே ஏராளம். அதன் 7.0 பதிப்பு 2001-இல் வந்ததோடு சரி. அங்கே ஆல்பாவைப் பார்த்துக் கோடு போடும் வழி கிடையாது, புள்ளிக்கோட்டைச் சொடுக்கிச் சொடுக்கி நாமேதான் வளைக்க வேண்டும். இழுக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருந்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் எழுத்து மறுபடி ஓடாமல், விட்டபின் ஒரேயடியாக ஓடும். பழைய கணினியில் பெரிய நேர மிச்சம்.

இப்போது எத்தனை புள்ளி வேண்டும் என்ற கேள்வி. எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு அழகு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. 13 பாயிண்ட் வரி இடைவெளி என்றால் ஒரு வரி 4.6 மி.மீ. உயரம் பிடிக்கும். 9 செ.மீ. உயர யானைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 20 வரிகள்தான் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் கோடு எங்கே அதிகம் துருத்துகிறதோ அந்த ஓரிடம்தான் அந்த வரியின் நீளத்தைத் தீர்மானிக்கும். ஆக 20 இடங்களே பயன்படுகின்றன. தானியங்கிக் கோடு போடும் 200 புள்ளிகளில் மீதி எல்லாம் வீண், வீணோடு நிற்காமல் கேடும் செய்யும். காதோர முடி ஒன்று ஒரு மில்லிமீட்டர் துருத்தினால் அந்த வரி முழுவதும் உள்ளே தள்ளப்படும், மேலும் கீழும் உள்ள வரிகள் வெளியே நிற்கும், பல்வரிசை போல ஓரம் கிழிந்து தெரியும். தானியங்கிக் கோட்டைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு 15, 20 புள்ளி மிஞ்சும்வரை அழித்துக்கொண்டே வாருங்கள். நெற்றி, துதிக்கை வளைவு, வயிறு, முதுகு மேடு என்று பெரிய திருப்பங்கள் நின்றால் போதும். மூன்றிலிருந்து நான்கு மி.மீ. இடைவெளி விட்டால் கண்ணுக்கு வளைவு வழுவழுப்பாகத் தெரியும்.

தமிழுக்கே உரிய சங்கதி இனிமேல்தான். நம் சொற்கள் நீளம். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ ஒரு சொல். படம் வந்து வரியைக் குறுக்கும்போது முதலில் அடிபடுவது நாம்தான். உருவத்தின் வளைவு பக்கத்தில் தெரிய வேண்டுமானால் எழுத்து அந்தக் கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்க வேண்டும், அதற்கு வரிகளை இருபுறமும் சமன் செய்தாக வேண்டும். இடப்பக்கம் மட்டும் சீராக விட்டால், வலப்பக்கத்து யானையின் வளைவு ஏற்ற இறக்கமான வரி முனைகளில் கரைந்துபோகும், இவ்வளவு பாடுபட்டதும் வீண். ஆனால் குறுகிய வரியைச் சமன் செய்தால் இரண்டே சொற்கள் இரு ஓரத்திலும், நடுவே குளம் போல வெள்ளையும் நிற்கும். சொல்லை உடைத்தால்தான் அந்தக் குளம் நிரம்பும். உடைக்கும் இடம் தப்பினால் தங்கள் பக்கத்துக் கொம்பு நேர்ந்த கதிதான்.

அந்தக் கொம்பு ஏன் பிரிந்தது? பழைய எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் மூன்றும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘கொ’ என்பது அங்கே மூன்று. சொல் முழுவதும் அடங்காத அளவுக்கு வரி குறுகிவிட்டால் மென்பொருள் கண்ட இடத்தில் வெட்டும், அதற்குக் கொம்பும் ஓர் எழுத்தே. யூனிகோடில் ‘கொ’ ஒரே தொகுதியாக நகரும், இந்த விபத்து நேராது. யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே தன் தரமாக ஏற்றது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஞாயிறு இணைப்புக்கு மட்டும் பழைய எழுத்துரு ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் சரியாக அமைய, பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர், ‘கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகிறது, யூனிகோடு சரிப்படாது’ என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

யூனிகோடிலும் உடைக்கும் இடத்தை ஆள் பார்த்துத்தான் தீர வேண்டும். ‘வந்திருக்கிறார்கள்’ என்பதை ‘வந்திருக்’ என்று நிறுத்தி ‘கிறார்கள்’ என்று அடுத்த வரியைத் தொடங்கலாம். ‘வந்திரு’ என்று நிறுத்தி ‘க்கிறார்கள்’ என்று தொடங்கினால் தப்பு. புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் அநாதையாக விடுவதும் கூடாது. தமிழ் அச்சு மரபில் உடைத்த இடத்தில் சிறு கோடு போடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. அதனால் ஹைஃபன் தரும் குறியைத் தவிர்த்து, இன்டிசைனில் டைப் மெனுவில் இன்செர்ட் பிரேக் கேரக்டர், டிஸ்க்ரிஷனரி லைன் பிரேக் என்பதைச் செருக வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும், கோடு வராது, பிறகு வரி மாறினாலும் தடம் தெரியாது. வேர்டில் உடைக்கும் இடத்தில் இடைவெளி விடாமல் 200B என்பதை ஆங்கில விசையில் தட்டி ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் அகலமில்லா இடைவெளி விழும், அதுவும் இதே பலன் தரும். என்டர் தட்டி உடைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அடுத்த பதிப்பில் விளம்பரம் அரை செ.மீ. நகர்ந்தால், அந்த என்டர் எல்லாம் பத்தி நடுவே ஓட்டையாக நிற்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டி வரியை நிரப்புவதும் தமிழுக்கு ஆகாது, கொம்பும் எழுத்தும் தூரம் போகும். சொல் இடைவெளியை மட்டும் விட்டுக்கொடுக்கலாம்.

வேர்டில் லதா போன்ற எழுத்துருக்கள் இயல்பாகவே வரி உயரத்தை அதிகம் பிடிப்பவை. வரிப் பட்டை உயர்ந்தால் வளைவு படிக்கட்டாகத் தெரியும். பாரா அமைப்பில் வரி இடைவெளியை எக்ஸாக்ட்லி என்று வைத்து 12 பாயிண்ட் எழுத்துக்கு 18 பாயிண்ட் கொடுத்துப் பாருங்கள். மிகவும் குறைத்தால் ‘கி’, ‘கீ’யின் தலை வெட்டுப்படும், அச்சில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் என் தீர்ப்பு உறுதியானது. ஒரு பத்தியில் வளைந்து ஓடும் படம் வலப்பக்கமே இருக்கட்டும். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் திரும்பும் கண், இடப்பக்கம் ஒரே நேர்கோட்டைத் தேடும். படம் இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும், குழந்தைகள் வரி தாண்டிப் படிப்பார்கள். பத்தியின் நட்டநடுவே வைத்து இருபுறமும் எழுத்து ஓட்டுவது அதைவிட மோசம். ‘யானை’ என்று இடப்பக்கம் படித்தவர் படத்தைத் தாண்டிப் போவதா, கீழே இறங்குவதா என்று தடுமாறுவார். இரண்டு பத்திகளின் நடுச்சந்தில் வைத்தால் இந்தக் குழப்பமில்லை, அங்கே அழகாகவும் இருக்கும். உருவம் எழுத்தைப் பார்த்தபடி நிற்பதற்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புகிறவர்கள் மனிதர் படத்தில் அதைச் செய்ய வேண்டாம். முந்தானை தோள் மாறிவிடும், வாசகர் உடனே கண்டுபிடிப்பார்கள். மிகக் குறுகிய இடத்திலும் வரிக்கு மூன்று சொல்லாவது, ஏறக்குறைய 20 எழுத்தாவது கொள்ளவில்லை என்றால் அந்த வளைவையே கைவிட்டு அங்கே எழுத்து ஓடாமல் செய்துவிடலாம்.

தங்கள் இணையப் பதிப்புக்கும் ஒரு சொல். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஷேப்-அவுட்சைடு என்ற பண்பு ஆல்பாவையே நேராகப் படித்து எழுத்தை வளைக்கும். 2018-இல் ஃபயர்ஃபாக்ஸ் 62 பதிப்பும், 2020-இல் எட்ஜ் 79 பதிப்பும் இதை ஏற்றதிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. படம் ஃப்ளோட் ஆகியிருந்தால்தான், அதாவது எழுத்து பக்கத்தில் ஓடும்படி ஓர் ஓரத்தில் ஒதுக்கியிருந்தால்தான், செயல்படும். எந்த ஆல்பா அளவுக்கு மேல் உருவம் என்று சொல்லும் ஷேப்-இமேஜ்-த்ரெஷோல்டு வழக்கமாக 0 என்பதால் மேலே சொன்ன தூசும் நிழலும் இங்கேயும் எழுத்தைத் தள்ளும், 0.5 வைத்துப் பாருங்கள். ஷேப்-மார்ஜின் இடைவெளி தரும். படம் வேறு டொமைனிலிருந்து வந்து, அந்தச் சர்வர் பிற தளங்கள் படத்தைப் படிக்க விடும் கார்ஸ் அனுமதியைத் தராவிட்டால் உலாவி எழுத்தை வளைக்காமல் பெட்டியைச் சுற்றியே ஓட்டிவிடும், பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் தெரியாது. கணினியில் இருக்கும் கோப்பை நேராகச் சொடுக்கித் திறந்து சோதிப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான், சிறிய லோக்கல் சர்வர் வழியாகத் திறக்க வேண்டும். 360 புள்ளி அகலக் கைபேசியில் படத்துக்கு 150 போனால் எழுத்துக்கு 210 மிஞ்சும், தமிழுக்கு அது போதாது. திரை அகலம் 600-க்குக் கீழே என்றால் ஃப்ளோட்டை நீக்கி, படத்தை மேலே தனியாக நிறுத்திவிடுவது வாசகருக்குச் செய்யும் உதவி.

கணினிப் பகுதியில் வந்த குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யானைப் பக்கத்தின் கோப்பு இன்னும் கையில் இருந்தால், படத்தை ட்ரிம் செய்து வலப்பத்தியின் ஓரத்துக்கு நகர்த்தி, தந்தத்திலிருந்து காலுக்கு ஒரு நேர்கோடு இழுத்து, யூனிகோடு எழுத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி பக்க வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். ‘கொடுத்தார்கள்’ ஒரே வரியில் வந்து நிற்கும்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்
மதுரை